வரி

ஊராட்சிக் கணக்கில் என் கையெழுத்துக்குப் பதினெட்டு வயது.
முதல் நான்கு வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டினால்
மை கலைந்த இடமெல்லாம்
யாரோ எச்சில் தொட்டுவைத்த கட்டைவிரல்.
மீதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன.

கரடிக்குட்டையில் கல் வெட்டுவதற்கு முன்னால்
வீட்டு வரி ஐம்பத்தைந்து ரூபாய்.
அதைக் கட்டியவர்களின் வாய்க்குப் பயந்து
மத்தியானம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு
பர்கூர்வரை டீ குடிக்கப் போவேன்.
"காசு வாங்குனியே, கம்பத்துல பல்பு எங்கடா?"
கிராமசபைக்கு விரிக்க நாலு சாக்கு போதாது.
சின்னக்கண்ணு நின்றுகொண்டே கத்துவார்,
வரவு செலவை மூன்று முறை வாசிக்கச் சொல்வார்.
மூன்றாம் முறை
என் கூட்டல் தப்பாகத்தான் இருக்கும்.

பிறகு குன்றைத் திறந்தார்கள்.
உள்ளே ஊதாவும் கருப்புமாய்ச் சுருண்ட வரிகள்.
கடல் தாண்டினால் அதற்குச் சொர்க்கம் என்று பெயராம்.
லாரிக்கு இவ்வளவு என்று ஊருக்கு வந்தது.
ஊருக்கு வராததும் வந்தது, தலைவர் வீட்டுக்கு.
ஒரு பொங்கலன்று கோபாலப்பா மைக்கைப் பிடித்தார்:
"இனிமே யாரும் வரி கட்ட வேணாம். நான் பாத்துக்கறேன்."
முதலில் கைதட்டியது நான்தான்.
தெருத்தெருவாய் வசூலுக்கு நடந்த கால் இது.

குக்கர் வந்தது. கோயிலுக்குத் தகரக் கொட்டகை வந்தது.
கல்யாணத்துக்கு ஐயாயிரம், சாவுக்கு மூவாயிரம்.
மாவிலையில் கல்மாவு படிகிறது என்று சொல்லப் போனவர்கள்
தலைவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும்
மகளின் காலேஜ் சீட்டுக்குச் சிபாரிசு கேட்டுத் திரும்பினார்கள்.
கிராமசபைக்கு ஒரு சாக்கே மிச்சம்.
தீர்மானப் புத்தகம் வீடு வீடாகப் போய்க்
கையெழுத்து வாங்கி வந்தது.
சின்னக்கண்ணுவும் போட்டார்.
அவர் மகனுக்குக் குவாரி எடைமேடையில் வேலை.

அமீன் பாஷா அந்த வருஷம்தான் திரும்பினான்,
எண்ணெய் நாட்டில் பதினோரு வருஷம் டேங்கர் ஓட்டியவன்.
"அங்க வரியே கிடையாது சார்.
பெரிய மனுசன் பொறந்தநாளுக்குக்
கரண்ட் பில்லையும் தள்ளுபடி பண்ணிருவான்.
ஜனங்க நன்றி சொல்வாங்க.
வேற ஒண்ணும் சொல்லிப் பழக்கமில்ல.
பீப்பா வெலைய நியூஸ்ல மழை மாதிரி படிப்பான்.
ஏறுனா போலீசுக்குப் புது வண்டி.
எறங்குனா மந்திரிக்கு ஜுரம்."
"உனக்கு ஓட்டு இருந்ததா?"
"எங்களையா கேக்கறீங்க? நாங்க அந்த ஊர்க் கணக்குலயே இல்ல.
எண்ணெய எடுக்கறவங்க, அவ்வளவுதான்."
ஜன்னலுக்கு வெளியே, எங்கள் தொட்டியில்
ஒடிசாவிலிருந்து வந்த குவாரி ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.
மேசைமேல் வாக்காளர் பட்டியல்.
அதை ஏன் அப்போது கவிழ்த்து வைத்தேனோ.

போன ஆனியில் கப்பல் வரவில்லை.
எங்கோ யாருக்கோ வேறு நிறக் கல் பிடித்துவிட்டது.
தூக்கிய கையை இறக்காமல் நின்றது கிரேன்.
மோட்டார் காயில் எரிந்து
தண்ணீர் நின்ற ஒன்பதாம் நாள்
தலைவர் ஒருவழியாகப் போனை எடுத்தார்.
நோட்டீஸ் ஒட்டச் சொன்னார்:
வீட்டு வரி, நிலுவையோடு.

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் இருந்தேன்.
முனிலட்சுமி வந்தாள்,
மாங்கூழ் ஆலையில் கொட்டை பிரிக்கிறவள்,
விரலிடுக்கெல்லாம் மஞ்சள்.
நிலுவையை விட்டுவிட்டு
இந்த வருஷத்து எண்பத்தெட்டு ரூபாயை எண்ணி வைத்தாள்.
பாதி தெலுங்கும் பாதி தமிழுமாய்
"ரசீது குடு அன்னா" என்றாள்.

பீரோவில் புத்தகம் இருந்தது.
கார்பன் தாள் காய்ந்து தொட்டதும் உதிர்ந்தது.
"நாளைக்கு வாயேன்."

அவள் போகவில்லை.
மூலையில் மடித்துக் கிடந்த சாக்கை எடுத்து உதறினாள்.
அறை முழுக்கக் கல்மாவு.
நான் இருமி முடிப்பதற்குள்
விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

"மோட்டாருக்கு எவ்வளவு ஆகும்?
இருக்கறது எவ்வளவு?
வாசி."