மீன்பெட்டியில் மூலப் பத்திரங்கள்

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
மஞ்சக்குப்பத்தில் வெயில் அடிக்கிறது.
கோர்ட் வாசல் டீக்கடையில் எல்லோரும்
ஆந்திராவுக்குப் போய்விடும் என்கிறார்கள்.
நான் பீரோவைத் திறக்கிறேன்.

போன வெள்ளத்தில் கெடிலம் உள்ளே வந்தபோது
கீழ்த்தட்டில் இருந்தது ஓர் உயில்.
மைப்பேனாவில் எழுதியது.
தண்ணீர் முதலில் சாட்சிகளைத் தின்றது,
பிறகு எழுதியவரை.
மிஞ்சியது நோட்டரியின் ஊதா முத்திரை.
இறந்தவரின் மகன் திட்டவில்லை.
"நகல் இருக்கா மேடம்?"
அவ்வளவுதான் கேட்டார்.

இந்த முறை சோனங்குப்பம் பூங்காவனம்
தன் ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தாள்.
"கடல்ல விழுந்தாலும் மிதக்கும் வக்கீலம்மா."
கழுவித்தான் தந்தாள்.
வஞ்சிரம் போகவில்லை.

பாலித்தீனில் சுற்றிச் சுற்றி அடுக்குகிறோம்
நானும் குமாஸ்தா தெய்வசிகாமணியும்:
விபத்து வழக்குகள் பதினொன்று,
பண்ருட்டிப் பலாத்தோப்புப் பாகப்பிரிவினை,
ஜீவனாம்சம் கேட்டு நிற்கும் நான்கு பெண்கள்,
பூங்காவனத்தின் மனைப்பட்டா.
மற்றதெல்லாம் ஸ்கேனாகி
விரல்நுனி அளவில் என் சாவிக்கொத்தில்.

மூடியை அழுத்தியபின்தான் அது தோன்றியது.
கோர்ட் மூடிக் கிடந்தால் காலவரையறை
திறக்கும் நாள்வரை காத்திருக்கும்.
சட்டத்தில் இடம் இருக்கிறது.
வக்கீல் மூழ்கினால்?
வாய்தாக்கள் என் டைரியில்,
டைரி என் கையெழுத்தில்,
அந்தக் கையெழுத்து சில நாள்
எனக்கே புரிவதில்லை.

ஓர் உறைக்குள் எழுதிவைத்தேன்,
கடவுச்சொல், பீரோ சாவி, கட்சிக்காரர் பணம் கிடக்கும் கணக்கு,
யாருக்கு முதலில் போன் செய்வது.
யாரிடம் தருவது?

எதிர் அறையில் அமலோற்பவநாதன்.
பதினான்கு வருடமாக என்னை ஆட்சேபிப்பவர்.
வாங்கி எடைபார்த்தார்.
"ஆட்சேபணை இல்லை" என்றார், முதன்முறையாக.
பிறகு இழுப்பறையின் அடியிலிருந்து
தன் உறையை எடுத்தார்.
போன புயலுக்கே எழுதியதாம்;
கொடுக்க ஆள் தேடி
ஓரம் பழுத்திருந்தது.

நாங்கள் எதிரெதிரே நிற்கும் ஏழு கட்டுகள் மட்டும்
இரண்டு உறையிலும் இல்லை.
என் பக்கத்து ஏழும் புதுச்சேரி நூர்ஜஹானுக்கு.
அவர் பக்கத்து ஏழு எங்கே என்று
நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

இரவில் கூண்டு ஐந்தாகி
விடிவதற்குள் இறங்கிவிட்டது.
நெல்லூர்ப் பக்கம் போயிற்று புயல்.
டீக்கடை ஒரு வாரம் பேசிச் சிரித்தது.

திங்கட்கிழமை பாகப்பிரிவினைக் கட்டை நீட்டினேன்.
நீதிபதி மூக்கைச் சுளித்து
கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அசல்தானம்மா" என்றேன்.
குறிப்பில் ஏறவில்லை.

மாலையில் பெட்டி கேட்டு வந்தாள் பூங்காவனம்.
போட்டுகள் கிளம்பிவிட்டனவாம்.
உன் பட்டா உள்ளே இருக்கிறதே என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப இருக்கட்டும்.
வாடகைய ஃபீஸ்ல கழிச்சுக்க."