விலக்கு நிபந்தனை நான்கு

ஆய்வு முன்மொழிவின் ஒன்பதாம் பக்கத்தில்
நானே தட்டச்சுச் செய்த வரி:
உடலில் உலோகம் உள்ளவர்கள் சேர்க்கப்படமாட்டார்கள்.
வாசித்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் அது இருந்தது.
செயற்கை இடுப்பு, பல்லில் அடைத்த வெள்ளி,
நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்த மின்கருவி
என்று உதாரணமும் போட்டிருந்தார்கள்.
நெறிமுறைக் குழு ஒன்றும் கேட்கவில்லை.

மாங்குளத்தில் பஸ் மாறி
ஒட்டுசுட்டானில் இறங்கி
முத்தையன்கட்டு வாய்க்காலோரம்
ஆட்டோவில் போனபோது
பையில் நாற்பது வெற்றுப் படிவம்.
வெள்ளிக்கிழமை பின்னேரம்
முப்பத்தொன்றில்
நாலாம் பெட்டிக்குள் சரி அடையாளம்.

முதல் ஆள் உழவு இயந்திரம் ஓட்டுகிற பரராசசேகரம்.
தொண்டையில் கட்டி. தோளில் இரண்டு துண்டு.
"இரும்பு இருந்தால் சேர்க்கமாட்டியளோ?
அப்ப இந்தப் பக்கம் ஏன் வந்தனீங்கள்?"
விலாசம் பிழைத்து வந்த தபால்காரனிடம்
கேட்பதுபோலத்தான் கேட்டார்.

உதயறஞ்சினி அக்காவுக்கு இடது மார்பு.
வெட்டி எடுத்தாயிற்று.
இனி இருபத்தைந்து நாள் கரண்ட் வைக்க
தெல்லிப்பழை போகவேண்டும்.
அவருடைய ஸ்கானை மடிக்கணினியில் திறந்தேன்.
நாலாவது விலா எலும்புக்குக் கீழே
கடுகளவு, இல்லை, உளுந்தளவு ஒரு வெள்ளை.
அதிலிருந்து கோடுகோடாய்ப் புறப்பட்டு
நுரையீரலையும் இதயத்தின் ஓரத்தையும் அழித்திருந்தது.
அந்தப் புள்ளியின் எண் மூவாயிரத்து எழுபத்தொன்று.
அதற்கு மேல் இந்தக் கருவியிடம் எண் கிடையாது.
எதைக் காட்டினாலும் அதோடு நிறுத்திக்கொள்ளும்.

வவுனியாவில், வாடகை அறையில்,
மேற்பார்வையாளருக்கு எழுதினேன்:
நிபந்தனை நான்கை வைத்தால்
மிஞ்சுவது ஒன்பது பேர்.
அதில் ஐந்து பேர் யுத்தம் முடிந்த பிறகு
கலியாணம் முடித்து இங்கே வந்தவர்கள்.
தலைப்பில் வன்னி என்று போடலாமா?

இரண்டு நாள் பதில் இல்லை.
மூன்றாம் நாள் ஒரு வரி:
அப்படியென்றால் இரும்பையே ஆராயுங்கள்.

ஆராய இரும்பு வேண்டும்.
கடையில் வாங்கின ஆணி சரிவராது.
அக்கா அலுமாரிக்குள் கைவிட்டு
தலையிடித் தைலப் பேணி ஒன்றை எடுத்தார்.
பஞ்சுக்குள் ஒரு துண்டு.
இரண்டாயிரத்துப் பதினாலில்
முதுகில் சீழ்கட்டி
தலை முழுகும்போது தானாய் வந்ததாம்.
"உள்ளுக்கு இருக்கிறதும் இதுவும்
ஒரே செல்தான் பிள்ளை. ஒரே நேரம்."

ஒப்புதல் படிவத்தில் 'மாதிரியின் வகை' என்ற இடத்தில்
இரத்தம், சிறுநீர், திசு
மூன்று பெட்டிதான் இருந்தது.
பேனையால் இன்னொன்று கீறினேன்.

மெழுகு உருக்கி ஒரு நெஞ்சு வார்த்து
நடுவில் அதைப் புதைத்து
சுற்றிவரப் பொட்டளவு கதிரளவிச் சில்லுகள் அடுக்கி
இரண்டு கிரே. பதினேழு தரம்.
துண்டுக்கு முன்னால் பதினொரு வீதம் கூட.
பின்னால் ஏழு குறைய.
சில மில்லிமீற்றர் தள்ளினால் வித்தியாசமே இல்லை.
அந்தச் சில மில்லிமீற்றருக்குள்
ஒரு கலம் ஒளிந்திருந்தால் என்பதற்கு
ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன்.
அது இன்னும் சரிவரவில்லை.

பதினெட்டாம் நாள் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.
தோல் கறுத்து எரிகிறதாம்.
பஸ்ஸில் வெயில் படாத பக்கம் இடம் பிடிக்க
விடிய நாலு மணிக்கே வெளிக்கிடுகிறாராம்.
முடிவைச் சொன்னேன்:
ஒரு பக்கம் கொஞ்சம் கூட,
மற்றப் பக்கம் கொஞ்சம் குறைய.
"நிவாரண அரிசி அளந்த மாதிரி" என்றார்.
இருவரும் சிரித்தோம், அவர் இருமி நிறுத்தும்வரை.

பிறகு கேட்டார்:
"அந்தப் பேணி பத்திரமோ?"
பத்திரம் என்றேன்.
"வேலை முடியக் கொண்டுவந்து தந்திடு பிள்ளை.
மொத்தம் ஏழு. ஆறு உள்ளுக்கு இருக்கு.
கணக்குப் பிழைச்சால் எனக்கு நித்திரை வராது."