ஆடி அடங்கும் எண்

புளியரை எடைமேடையில் ராத்திரி ஷிப்டு எனக்கு.
எஸ் வளைவு ஏறப்போகும் லாரிகள்
மூச்சு வாங்கி நிற்கிற இடம்.
வைக்கோல், முட்டை, பல்லாரி,
ஓணம் நெருங்கினால் வாழைத்தார், சேனை.
ஆரியங்காவுக் காற்று கணவாய் வழியே இறங்கி
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகும்.

ரசீது அடிக்கும் நிரலை எழுதியது நான்தான்.
நாலு வருஷத்துக்கு முன்னால்,
பழைய ஜேகுவரியில்,
இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் எடுத்து
ஒட்டுத் துணி தைத்த மாதிரி.
எந்த வரி எதற்கென்று எனக்கே பாதி தெரியாது.
ஓடியது.
ஓடுறதைத் தொடாதே என்பார் முதலாளி ராவுத்தர்.
இந்த ஆனியில் தொட்டேன்.

புது ஃப்ரேம்வொர்க்.
ஆவணத்தின் முதல் பக்கமே
‘உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்’ என்று தொடங்கியது.
தெரியாது.
நான் படித்தது ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக்.
எஞ்சினைப் பிரித்து மாட்டினால்
எந்தத் திருகு மிஞ்சியது என்று தட்டு சொல்லிவிடும்.
இங்கே மிஞ்சுவது கண்ணில் படுவதில்லை.

சொற்களை எல்லாம் கண்ணால்தான் கற்றேன்.
ஒரு வாய் சொல்லிக் கேட்டதில்லை.
கொச்சிக் கம்பெனி ஒன்று போனில் நேர்காணல் வைத்தபோது
கேஷ் என்பதைக் ‘காச்சே’ என்றேன்.
மறுமுனையில் ஒரு நொடி ஒன்றுமில்லை.
பிறகு அந்தப் பெண், மிக மரியாதையாக,
அடுத்த கேள்விக்குப் போனாள்.
அந்த மரியாதை இன்னும் காதில் இருக்கிறது.

‘ஸ்டேட்’ அத்தியாயத்தில் மூன்று ராத்திரி நின்றேன்.
ஸ்டேட் மாறினால் திரை தன்னைத் தானே வரைந்துகொள்ளும்,
நீ போய் வரையாதே.
போய் வரைந்தே பழகிய கைக்கு
இது என்ன பேச்சு.
புனலூர் பினோய் சன்னல் வழியே எட்டிப் பார்த்து
‘ஏது ஸ்டேட்டா, தமிழ்நாடோ கேரளமோ?’ என்றான்.
என் போனுக்கும் அதே சந்தேகம்தான்:
மேசையின் இந்த முனையில் தமிழில் விளம்பரம்,
அந்த முனையில் மலையாளத்தில் நல்வரவு.

நாலாம் ராத்திரி, மணி ரெண்டே கால்.
மேடையில் பினோயின் வைக்கோல் வண்டி.
துணிந்து புதுத் திரையைத் திறந்தேன்.
எடை வந்தது.
வந்தது.
வந்துகொண்டே இருந்தது.
நொடிக்கு நூறு முறை எடைப்பெட்டியைக் கூப்பிட்டு
எண் கேட்டது என் நிரல்,
ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்வியைக் கிளப்பியது.
கம்ப்யூட்டர் விசிறி அலறி
பெட்டி கண்ணை மூடிக்கொண்டது.
பின்னால் ஒன்பது லாரி,
இரண்டு மொழியில் வசை.
‘கழிஞ்ஞோ?’ என்றான் பினோய்.
முடிந்ததா என்றுதான் கேட்டான்.
நீ முடிந்தாய் என்று விழுந்தது எனக்கு.

பெட்டியை அணைத்துப் போட்டேன்.
கார்பன் வைத்த பழைய புத்தகம், பேனா.
சாரல் காற்றில் வைக்கோல் அசைய எண்ணும் அசைந்தது:
11,240. 11,260. 11,240.
பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தேன்.
மனசுக்குள் மூன்று எண்ணும் வரை
அசையாமல் நின்றால்தான் எழுதுவேன்.
வேலைக்கு வந்த முதல் வாரமே கைக்குப் பழகியது.

வரிசை தீர்ந்தபின் ஆவணத்தைப் புரட்டினால்
அதற்கொரு பெயரே இருக்கிறது.
டிபவுன்ஸ்.
ஆட்டம் அடங்கும்வரை பதிலை எடுத்துக்கொள்ளாதே.
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன் ரெண்டு தரம்,
உச்சரிப்பு சரியா தப்பா, மேடைக்கு அடியில் படுத்த
நாய்க்குத்தான் தெரியும்.

பிழையும் கிடைத்தது.
வரியின் கடைசியில் ஒரு சதுர அடைப்பு,
உள்ளே ஒன்றுமே இல்லாதது,
அதை வைக்க மறந்திருக்கிறேன்.
‘ஒருதரம் கேட்டால் போதும்’ என்பதை
காலிப் பெட்டியால் சொல்கிறார்கள் இவர்கள்.

காலையில் ராவுத்தர் கார்பன் தாள்களைப் பார்த்தார்.
‘ராத்திரி கரண்ட் இல்லையா?’
‘இருந்துச்சு.’
மேலே ஒன்றும் கேட்கவில்லை.
பழையதைத் திரும்ப ஏற்றிவைத்தேன்.
புதியதை அழிக்காமல்
‘காச்சே’ என்று ஃபோல்டர் போட்டு அதில் வைத்தேன்.
இன்றைக்கும் ராத்திரி ஷிப்டுதான்.