வெட்டுமாம்

மாமாங்கத்துக்கு அந்தப் பக்கம்
வெள்ளைக்கல் தோண்டிக் கைவிட்ட குழியில்
அள்ளி வந்த மண்.
மண்ணில் ஒரு பாக்டீரியா,
அதற்குள் நாலாயிரத்துச் சொச்சம் மரபணு.
அதிலொன்று என் தலையில் விழுந்தது:
இருநூற்று எழுபத்தொரு அமினோ அமிலம் நீளம்.
செயல்: தெரியவில்லை.

வரிசையை ஒட்டித் தேடவிட்டேன்.
சொந்தக்காரர்கள் வந்தார்கள், நாற்பத்து மூன்று பேர்.
முக்கால்வாசிப் பேர் இதே கதி,
பெயருக்குப் பதில் ஒரு எண்.
மிச்சப் பேர் நெற்றியில் ஒரே சீட்டு:
பாஸ்பேட்டை வெட்டும்.

வெட்டும்போது யார் பார்த்தது?
ஒவ்வொன்றாகப் பின்னால் நடந்தேன்.
இது அதைப் பார்த்து எழுதியது,
அது இன்னொன்றைப் பார்த்து,
கடைசியில் பதினெட்டு வருடப் பழைய பதிவு.
எவரோ, எந்த ஊரோ, தயங்கி எழுதியிருக்கிறார்:
வெட்டலாம்.

அவர் எழுதியது வெட்டலாம்.
கேட்டவர் சொல்ல வேண்டியது வெட்டுமாம்.
நடுவழியில் ஓர் ‘ஆம்’ உதிர்ந்து
ஊகம் உத்தியோகமாகிவிட்டது.

சூரமங்கலத்தில் என் வீட்டுக்காரர் இருசப்பன்
கீழே யாரிடமோ சொல்வது காதில் விழும்:
“மேல்வீட்டுப் பொண்ணா?
கம்ப்யூட்டர்ல புழுப்பூச்சி வளக்குதாம்.”
அவர் கூட அந்த ஆமைத் தவறவிடுவதில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு உருவம் வந்தது.
நடுவில் நீலம். கணிப்புக்குத் தன்மேல் நம்பிக்கையுள்ள இடம்.
வால் முழுக்க ஆரஞ்சு, கொட்டிய சேமியா.
நீலத்துக்குள் ஒரு பள்ளம்,
மூன்று ஆஸ்பார்ட்டேட் முகம் பார்த்து நின்று
நடுவே ஓர் அயனிக்கு இடம் விட்டிருக்கின்றன.
மக்னீசியம் என்று வாய்வரை வருகிறது.
மண் அப்படி, கரட்டு மண்.
ஆனால் என் ஆசையைக் கூட்டிக்கொள்ளாமல்
மென்பொருள் போட்ட மதிப்பெண் 0.58.
ஐந்து ரோட்டுக்குக் குடையில்லாமல் போகப் போதும்.
ஒன்றின் வேலை இதுதான் என்று எழுத?

ஜன்னலில் ஏற்காடு ஏறும் ஏதோ வண்டி,
வளைவுக்கு வளைவு தெரிந்து தெரிந்து மறைகிறது.

வாலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
எனக்கென்னவோ
வேலையே அங்கேதான் நடக்கிறதென்று தோன்றுகிறது.
காரணம் கேட்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை கோகிலவாணி
புரதத்தைப் பிரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.
வெட்டினால் குழாய் மஞ்சளாகும்.
ஆகாவிட்டால் வெட்டாது என்றில்லை,
நாங்கள் ஊட்டியது அதற்குப் பிடிக்காமலும் இருக்கலாம்.

படிவத்தில் ‘செயல்’ என்றொரு கட்டம்.
எண்பது எழுத்து கொள்ளுமாம். தயக்கம் கொள்ளாது.
காலியாக விட்டு மடிக்கணினியை மூடினேன்,
விளக்கை அணைத்தேன்.

கண் திறந்தபடி கிடக்கிறேன்,
இமைக்குள் அந்த ஆரஞ்சு வால் இன்னும் ஆடுகிறது.
கீழே இருசப்பன் குரல்:
“தூங்கிருச்சாட்ட இருக்குது.”