சிற்றாளர் சாமிகள்

அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
சனிக்கிழமை ராத்திரி ஒரு உலகத்தை நடத்துகிறேன்.
வார நாளில் ஜவ்வரிசி மூட்டைகளுக்குக் கணக்கு.
சனிக்கிழமை
மழைக்கும் வழிப்பறிக்கும் யாளிகளின் பசிக்கும்.

வரைபடம் சேர்வராயன் மலைதான்.
யாருக்கும் தெரியக்கூடாதென்று
ஏரியை மட்டும் கொஞ்சம் கிழக்கே நகர்த்தியிருக்கிறேன்.

நெட்டை மனிதர்களுக்குப் பன்னிரண்டு தெய்வங்கள் எழுதிவைத்தேன்.
இடிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று,
எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஒன்று.
சிற்றாளருக்கு,
இடுப்பளவு உயரம், பாறையிடுக்கில் வீடு, மிளகு வியாபாரம்,
"சாமி: பின்னால் எழுதவும்"
என்று பென்சிலில் ஒரு வரி.
அவர்களை யார் எடுத்து ஆடப்போகிறார்கள்?

பெரியண்ணன் எடுத்தான்.
ஆறடி இரண்டங்குலம். மின்வாரியத்தில் வயர்மேன்.
ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசிக்கும்
கழுத்தை மடித்தே நிற்பவன்.
"மூணடி ஆள் போதும்" என்றான்.
பெயர் குன்றி.
செவ்வாய்ப்பேட்டைத் தராசில்
கடைசியாக வைக்கிற எடை.

"சிற்றாளா, சித்தாளா?" தஸ்லிமா சிரித்தாள்.
"எதுவானா என்ன, பாதிக் கூலிதான்."

அன்றைக்குக் குன்றி
வெள்ளைக்கல் சுரங்கத்தின் வாயில்
ஒற்றை வேரைப் பிடித்துத் தொங்கினான்.
இருபது முகப் பகடை,
கொண்டை ஊசிக்கு ஒரு முகம்.
பதினெட்டுக்குக் குறைந்தால் வேர் அறும்.

பெரியண்ணன் பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.
"ஒரு நிமிஷம்.
நான் யாரைக் கும்பிடணும்?"

நோட்டைப் புரட்டினேன், இருப்பதைத் தேடுகிறவன்போல.
"இல்லையா?" என்றான்.
அந்தக் கேள்வியில் விளையாட்டு இல்லை.
போன ஐப்பசி மழையில் கொண்டலாம்பட்டியில்
கம்பத்தில் அவனுக்கு மேலே இருந்த பையனின் பெயரை
நாங்கள் இந்த அறையில் சொல்வதில்லை.

"இருக்கு" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
கோபுரம் கிடையாது.
அண்ணாந்து பார்த்தால் காணாமல் போய்விடும்.
கூட்டத்தில் மிதிபடாமல் காப்பது அதன் வேலை.

"தங்கச்சி ஒருத்தி" என்றாள் தஸ்லிமா.
"நாலு பேர் சத்தத்தில் யாரும் கேட்காமல் விட்ட வார்த்தையை
எடுத்து முந்தானையில் முடிஞ்சு வச்சுக்குவா."

ஜெரோமுக்கு எப்போதும் எதிரி வேண்டும்.
"மேல்தட்டுச் சாமின்னு ஒருத்தன்.
வேணுங்கிறதை எல்லாம் எட்டாத இடத்தில் வைப்பான்."

"படையல்?" பெரியண்ணன் கேட்டான்.
தட்டில் ஆறிக் கிடந்ததைப் பார்த்தேன்.
"தட்டுவடை செட்டில் பாதி.
முழுசா வச்சா கோவிச்சுக்கும்,
எங்களைப் பெரியவங்கன்னு நெனச்சியான்னு."

சிரித்தான். கண்ணை மூடினான். போட்டான்.

பகடை மேஜையில் ஒரு குதி, தரையில் இரண்டு,
நேராகக் கடைக்காரரின் இரும்பு பீரோவுக்கு அடியில்.
நாலு விரல் இடுக்கு.
கை நுழையாது.
"கீழே விழுந்தா மறுபடி போடணும், அதான் விதி"
என்றான் ஜெரோம்.
"வேண்டாம்."

ஆறடி இரண்டங்குலமும்
சிமென்ட் தரையில் மெல்லக் கிடந்தது.
கன்னத்தைத் தரையில் வைத்து
செல்போன் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தான்.
மேலே விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் முனகியது.
எழுந்தபோது காதுவரை தூசி.

"எத்தனை?"

"வேர் தாங்கிருச்சு" என்றான்.
எண்ணைச் சொல்லவில்லை.
பீரோ நிறையப் பழைய விடைத்தாள்கள்.
நகர்த்த நான்கு பேர் வேண்டும்.
நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம்.
யாரும் எழவில்லை.

பென்சில் வரியை அழித்துப் பேனாவால் எழுதினேன்:
குடியிருப்பு, பீரோவுக்கு அடியில்.
உயரம், நாலு விரல்.
கும்பிடும் முறை, படுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை நான் வரும்போது
பீரோவின் முன்னால் பாதித் தட்டுவடை.
யார் வைத்தது என்று கேட்கவில்லை.
எறும்புகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன,
தலை குனியாமல்.