படிக்க மட்டும்

முதுநகர் ஐஸ் ஆலையின் கணக்குக்கு
நேற்று மதியம் ஒரு சாவி செய்தேன்.
பதினெட்டு வரி, ஒரு கடவுச்சொல்,
'படிக்க மட்டும்' என்றொரு அனுமதி.
உள்ளே போகலாம், பார்க்கலாம்,
கை வைக்கக் கூடாது என்று
பாத்திரக் கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவள்போல்
வாசலிலேயே சொல்லித்தான் விட்டேன்.

அதுவரை அதற்கு நான் காட்டியதெல்லாம்
இட்டுக்கட்டிய கணக்கு.
வாடிக்கையாளர் ஒன்று, வாடிக்கையாளர் இரண்டு.
எல்லாரும் பத்துப் பத்து பார் வாங்கி
அன்றைக்கே பணமும் கட்டிவிடுகிற ஊர்.
அந்த ஊருக்கு அது எழுதிய நிரல்
ஒருநாளும் தவறியதில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கேட்டேன்,
கையிருப்பு எத்தனை?
நானூற்றுப் பன்னிரண்டு பார் என்றது.
டீ குடித்துவிட்டு வந்து மறுபடி கேட்டேன்.
முந்நூற்று எண்பத்தேழு.
'முன்பு தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.'
தவறே இல்லை, அசடே,
நடுவில் இருபத்தைந்து வண்டியேறிவிட்டது.
உப்பனாற்றங்கரையில் யாரோ கொக்கி போட்டு இழுத்து
அரவைக்குள் தள்ளுகிறார்கள்.
மஞ்சக்குப்பத்து மாடியறையில்
எனக்கு வந்து சேர்வது
ஓர் இலக்கம் குறைவது மட்டும்.

பிறகு பெயர்களுக்கு வந்தது.
'கஜபதி, கெஜபதி, கஜபதி சோ.குப்பம்.
மூவரும் ஒருவரா? இணைத்துவிடலாமா?'
முதல் இரண்டும் ஒரே ஆள்.
மூன்றாவது அவர் மச்சான்.
இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை,
தயவுசெய்து இணைக்காதே.

நள்ளிரவு தாண்டி ஒன்றேகால்.
கையிருப்பு: கழித்தல் பதினான்கு.
'இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது.
இது பிழை. சரிசெய்து,
இனி இறங்காதபடி ஒரு தடையும் எழுதித் தருகிறேன்.
எழுதும் அனுமதி மட்டும் வேண்டும்.'
நியாயமாகத்தான் பட்டது.
என் விரலும் அந்த அனுமதிவரை போய்விட்டது.

எதற்கும் இருக்கட்டும் என்று போன் அடித்தேன்.
இரவு ஷிஃப்டில் குணபூஷணி.
பின்னால் கம்ப்ரஸர் ஓட, கத்திப் பேசினாள்.
"மைனஸா? அது நான் போட்டதுதாங்க.
தேவனாம்பட்டினத்து போட்டு ரெண்டுக்கு
பதினாலு பார் சொல்லிவச்சிருக்கேன்.
இன்னும் தொட்டியில உறைஞ்சிக்கிட்டிருக்கு.
நீங்க பாட்டுக்கு சைபர் ஆக்கிட்டா
மூணு மணிக்கு எடுக்கறப்ப
பதினாலு சும்மா கெடக்குன்னு காட்டும்.
எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்.
அவங்க பெட்டியில என்னத்தக் கொட்டிக்கிட்டுக் கடலுக்குப் போவாங்க?"

அதற்கான குறிப்புக் கோப்பில் எழுதினேன்:
பூச்சியத்துக்குக் கீழே இருப்பது பிழையல்ல.
ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு.
தொடாதே.
'புரிந்தது' என்றது.
எதைத்தான் அது புரியவில்லை என்றிருக்கிறது?
ஆனால் அடுத்து ஒன்று கேட்டது:
'இந்த வாக்கு எந்த அட்டவணையில் இருக்கிறது?'

தேடினேன்.
நாற்பத்தாறு அட்டவணை.
லாரி டயருக்கு ஒன்று, அமோனியாவுக்கு ஒன்று,
உடைந்த கேன்களுக்குக்கூட ஒன்று.
அது இல்லை.
ஒரு பெண்ணின் தலைக்குள் இருக்கிறது,
அவள் ஷிஃப்டு ஆறு மணிக்கு முடிகிறது.

தூங்கவில்லை. மூன்று மணியிலிருந்து
நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.
கழித்தல் பதினான்கு.
கழித்தல் பதினான்கு.
கழித்தல் எட்டு. ஒரு வரிசை தூக்கிவிட்டார்கள்.
கழித்தல் இரண்டு.
அங்கேயே நின்றது, நாலரை வரைக்கும்.
அந்த இரண்டு யாருக்கு,
படகு கிளம்பிவிட்டதா, காத்திருக்கிறதா,
அதனிடம் கேட்டால்
கழித்தல் இரண்டு என்றுதான் சொல்லும்.
குணபூஷணியைக் கேட்கலாம்.
போனைக் கையில் எடுத்தேன்.
ஐஸ் ஏற்றுகிற நேரம்,
எடுக்கமாட்டாள்.