எழுபத்திரண்டு என்றால் எட்டு

கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில்
துவாயில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தார்
கலந்தர்லெவ்வை, தன் வள்ளத்தின் ஆழமானியை.
ஜப்பான்காரன் செய்தது. என்னைவிட மூன்று வயது கூட.

"ஏழு பாகம் மட்டும் சரியாச் சொல்லும்.
எட்டு வந்தா எழுபத்திரண்டு எண்டு காட்டும்.
பிறகு ஒன்பது. பிறகு ஒழுங்கு."

டொக்யாட் வீதியில் அப்போதுதான் கடை திறந்திருந்தேன்.
நேற்று வீசிய அட்டைப்பெட்டியை
வாசலில் ஒரு மான் தின்றுகொண்டு நின்றது.

மூடியைக் கழற்றினால் உப்பு, செத்த பல்லி,
நடுவில் இருபத்துநாலு காலோடு ஒரு சிப்.
முதுகில் சின்னக் கண்ணாடி யன்னல்.
யன்னலை மறைத்த ஒட்டுத்தாள் என்றோ உரிந்துவிட்டது.
வெடித்த மூடிக்குள்ளால் இருபது வருட வெயில்
மெல்ல மெல்லப் போய்
ஒரேயொரு பூச்சியத்தை ஒன்றாக்கியிருக்கிறது.
அறுபத்துநாலின் இடத்தில் அந்த ஒன்று.
எட்டோடு கூட்டுங்கள்.

வெளிச்சம் இதற்குள் எழுதாது, அழிக்கும்.
அழிந்தது பூச்சியமாகாது.
எல்லாம் மறந்த சிப்பைப் படித்துப் பார்த்தால்
ஒன்று, ஒன்று, ஒன்று என்றே கடைசிவரை வரும்.
இதை அறிந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

இந்த அளவுச் சிப்பைக் கொழும்பில் கேட்டால் சிரிக்கிறார்கள்.
என் லாச்சியில் கிடந்தது நாலு மடங்கு பெரியது,
இருபத்தெட்டுக் கால்,
செத்துப்போன மொடெம் ஒன்றில் பிடுங்கியது.
ஓர் அறை கேட்டவருக்கு நாலறை வீடு.

சொக்கெற்றில் இருத்தினால்
பஸ் மிதிபலகையில் நிற்பவர்கள்போல்
நாலு கால் வெளியே தொங்கும்.
மூன்றுக்கு ஐந்து வோல்ற் கொடுத்தேன்.
மற்றது முகவரிக் கால், அதை நிலத்தோடு கட்டினேன்.
ஆனால் இருபத்துமூன்றாம் கால் போய் இறங்கும் துளையில்
எந்நேரமும் ஐந்து வோல்ற் நிற்கிறது.
அதனால் முதலறைக் கதவு திறக்காது,
இரண்டாவதில்தான் எழுதவேண்டும்.
இது விளங்குமுன் முதலறையில் எழுதி
ஒரு மணிநேரம் கறுத்த திரையைப் பார்த்திருந்தேன்.
அதை அவருக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் வந்தார். எட்டை எட்டாகக் காட்டினேன்.
பிளேன்ரீயை ஆற்றியபடி கனநேரம் பார்த்தார்.
"அப்ப எழுபத்திரண்டு இனி வராதா?"
வராது.
"கொட்டியாரக் குடாவில ஒரு பார் இரிக்கி, தங்கச்சி.
அதுக்கு மேல வந்தா எழுபத்திரண்டு மின்னும்.
அதக் கண்டுதான் என்ட மருமகன் எஞ்சினக் குறைப்பான்.
வெறும் எட்டு எண்டா அவன் கண்ணுல படாது.
மிச்ச அறையெல்லாம் சும்மாதானே கிடக்கு?"

சும்மாதான் கிடந்தது.
நிலத்தோடு கட்டிய காலை அவிழ்த்து
ஒரு சுவிட்ச் வைத்தேன்.
நாலாம் அறையில் வெயிலின் பிழையை
ஓர் எழுத்தும் மாறாமல் எழுதினேன்.
திருத்துவதைவிட அது கடினமாக இருந்தது, கை திருத்தப் பார்த்தது.

இப்போது அந்த வீட்டில்
முதலறையில் யாரும் படிக்கமுடியாத ஒரு சரியான பிரதி.
இரண்டாவதில் எட்டு. நாலாவதில் எழுபத்திரண்டு.
மூன்றாவதில் ஒன்றுகள் மட்டும்.
யன்னலுக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்,
அதன்மேல் கறுத்த ரேப்.

சுவிட்சைக் கீழே தட்டிவிட்டு,
துவாயில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஒன்பதாம் நாள் தொலைபேசியில் ஓர் இளம் குரல், பின்னால் எஞ்சின் சத்தம்:
"நிப்றாஸ் பேசுறன் அக்கா.
சுவிட்ச மேல போட்டுட்டன். சரியாத்தான் காட்டுது.
மாமாக்கிட்டச் சொல்லிராதீங்க."

அவருக்கு நான் சொல்லாதவை
இத்தோடு இரண்டு.